கூப்பிட ஒரு சொல்

மூன்றாவது வரியில் குணாளனின் விரல் நின்றுவிட்டது. முதல் இரண்டும் யோசனையே இல்லாமல் வந்து விழுந்திருந்தன. வாசுகி, முக்காற்புள்ளி, ஏங்க. அம்மா, முக்காற்புள்ளி, தம்பி. அடுத்து நித்திலா என்று அடித்தான், மேற்கோள் குறியை மூடினான், முக்காற்புள்ளியும் வைத்தான், அதற்கப்புறம் என்ன போடுவது என்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை மதியம். வாசுகிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி, பொழுது சாய்ந்துதான் வருவாள். போகும்போது மூடிவைத்துவிட்டுப் போன கத்தரிக்காய்க் குழம்பின் வாசனை மூடியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பயிற்சி ஒன்றும் கஷ்டமானதில்லை. பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித்தரும் வீடியோப் பெண் கோயமுத்தூர்ப் பேச்சில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "டிக்‌ஷனரின்னதும் பயந்துக்காதீங்க. ஒரு பேரு, அதுக்கு நேரா ஒரு விஷயம். பேரு கீ, விஷயம் வேல்யூ. அவ்வளவுதானுங்க. உங்க வீட்டுல யாரு யாரு உங்கள எப்படிக் கூப்பிடறாங்கன்னு ஒரு டிக்‌ஷனரி போட்டுட்டு வாங்க பாக்கலாம்." அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற குணாளனுக்குப் பேரும் நேரும் புதிதில்லை. வால்வு என்றால் எந்த அலமாரி, வாஷர் என்றால் எந்தத் தட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். புதிதாகத் திறக்கப்போகிற திட்டப் பிரிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் இந்தப் படிப்பை முடிக்க வேண்டும், திங்கட்கிழமை பரீட்சை. நாற்பதைத் தாண்டினவனுக்குப் பரீட்சை. அதைக்கூட எழுதிவிடலாம். ஆனால் இந்த மூன்றாவது வரிக்கு விடை எந்த அலமாரியிலும் இல்லை. நித்திலா அவனை எதுவும் கூப்பிடுவதில்லை.

நான்கு மாசமாகிறது, அவன் வாசுகியைக் கட்டிக்கொண்டு இரண்டு சூட்கேசோடு உறையூரில் இந்த மாடி வீட்டுக்கு வந்து. ஒன்பது வயசுப் பிள்ளை நான்கு மாசமாக ஒரு மனுஷனைக் கூப்பிடாமலேயே அவனோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி முடிகிறது என்று அவனுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் அதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்று புரிந்தது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். அவன் நிமிர்ந்து பார்க்கும்வரைக்கும் நிற்பாள். பார்த்ததும் "பென்சில் சீவணும்" என்று ஆரம்பிப்பாள், முன்னால் ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தைத் துடைத்து வைத்ததுபோல. வாசுகி வீட்டிலிருந்தால் அதுகூட வேண்டாம். "அம்மா, அவங்க வண்டி சாவிய டிவி மேலயே வச்சுட்டாங்க." "அம்மா, அவங்களுக்கு டீ வேணுமான்னு கேளு." அவங்க. மரியாதையான சொல்தான். எந்தக் குறையும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரரும் அவங்கதான், கேஸ் கொண்டுவருகிறவரும் அவங்கதான். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கியபோது ஓடிவந்து அவனுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் அடுப்படிப் பக்கம் நீட்டினாள், கண் விரிந்திருந்தது, வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பால் வழிந்து தீய்ந்துபோனது. அவன் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, பரவால்ல, பரவால்ல என்றான். மூன்று தடவை சொன்னானோ என்னவோ. அன்றைக்கு ராத்திரி அவன் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது அந்தப் பால் இல்லை, அந்தத் திறந்த வாய். காந்தி மார்க்கெட்டில் தீபாவளிக் கூட்டத்தில் ஒரு தடவை கை விட்டுப்போனதே, அன்றைக்கும் அப்படித்தான். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அவன் "நித்திலா, நித்திலா" என்று கத்தினான், வெங்காய மண்டிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். அவளோ அவன் முதுகையே குறி வைத்துக் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து வந்து சட்டை நுனியைப் பிடித்தாள். வந்துவிட்டாள். ஆனால் முதுகு தெரியாமல் போயிருந்தால்? கூப்பிட ஒரு சொல் இல்லாத ஆளைக் கூட்டத்தில் எப்படித் தேடுவது? ரோட்டில் லாரி வந்தால், கிணற்றடியில் கால் வழுக்கினால், பாம்பு, தீ, கரண்ட், என்று அவன் மனசு கெட்டதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனது. அடுக்கின ஒவ்வொன்றிலும் அந்த வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அவன் திரையில் வெறும் இரண்டு மேற்கோள் குறியைப் போட்டுப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. பைத்தான் அதை ஏற்றுக்கொண்டது, காலிச் சொல்லும் ஒரு சொல்தானாம். அவனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை, அழித்தான். ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? அவன் காய்ச்சலில் படுத்திருந்தபோது தலைமாட்டில் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தது யார்? வைத்தாள், மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தாள், சத்தம் போடாமல் போனாள். அவன் தூங்குகிறான் என்று நினைத்திருப்பாள். ஆம்லெட்டில் வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிறவள், அவன் அதை எடுத்துத் தின்கிறான் என்று தெரிந்த பிறகு அவன் உட்காருகிற பக்கமாக ஒதுக்க ஆரம்பித்தாளே, அது ஒன்றுமில்லையா? அந்த வரியையே எடுத்துவிட்டு, நித்திலாவுக்கு நேரே என்ன என்று பைத்தானிடம் கேட்டான். திரை சிவந்தது. கீ எரர். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்கிறது. "கீ இல்லேன்னா பைத்தான் கோவிச்சுக்கும்ங்க," என்றாள் வீடியோப் பெண், "அதுக்குத்தான் கெட்னு ஒண்ணு இருக்கு. கெட் போட்டு மெதுவாக் கேட்டா கோவிச்சுக்காது. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டு அடுத்த வேலையப் பாக்கும்." மெதுவாகத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறான். நான்கு மாசமாகக் குரலையே உயர்த்தாமல், கதவைப் படாரென்று சாத்தாமல், அந்த வீட்டில் தன் செருப்பைக்கூட மூலையில் ஒடுக்கி விட்டுக்கொண்டு. அடுத்த பாகத்தை ஓட விட்டான். இந்தத் தடவை அவள் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேசினாள். ஒரே கீக்கு ரெண்டாவது தடவ வேல்யூ குடுத்தீங்கன்னா முதல்ல இருந்தது போயிடும், பைத்தான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காது, பாத்துப் போடுங்க. கேக்காதாமா? அவன் சோதித்துப் பார்த்தான். பழம் என்று போட்டு வாழை என்றான். மறுபடி பழம் என்று போட்டு மாதுளை என்றான். பழம் எது என்று கேட்டான். மாதுளை. வாழை எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, இல்லவே இல்லை, இருந்ததற்கான தடமே இல்லை. அவன் கை மேசை மேலேயே கிடந்தது.

நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் ரகுராமன். நித்திலாவின் அப்பா. மஞ்சள் காமாலையில் போய் ஐந்து வருஷமாகிறது. போட்டோவில் யாரோ சொன்ன ஜோக்குக்குப் பாதி சிரித்த மாதிரி இருப்பார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாசுகி ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றப் போனாள், குணாளன்தான் தடுத்தான். "இருக்கட்டும். நான்தான் அவர் வீட்டுக்கு வரேன்." சொன்ன பிறகு, ரொம்ப நாடகமாகப் பேசிவிட்டோமோ என்று வெட்கப்பட்டான். வாசுகி ஸ்டூலிலிருந்து இறங்கினாள், காபி போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். "உங்கள அப்பான்னு கூப்பிடச் சொல்லட்டுமா அவள?" "வேண்டாம் வாசுகி." "சொன்னா கூப்பிடுவா. நல்ல பிள்ளை." "அதனாலதான் வேண்டாம்." அது உண்மை. அவனுக்கு ஆசை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்டோர்ஸில் கூட வேலை பார்க்கும் அந்தோணியின் மகன் போனில் "அப்பா" என்று ஆரம்பித்தால் பக்கத்து இருக்கையிலிருக்கும் இவனுக்கு ஏனோ காது திரும்பும். ஆனால் காலையில் நித்திலா ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, பையை மாட்டிக்கொண்டே, அந்த போட்டோவைப் பார்த்து, பார்க்காமல்கூட, அந்தப் பக்கமாக, "அப்பா, போய்ட்டு வரேன்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு இறங்குவாளே, எந்தப் பக்தியும் இல்லாமல், உள்ளே முகம் கழுவிக்கொண்டிருக்கும் ஒருத்தரிடம் சொல்கிற மாதிரி. அந்தச் சொல்லில் இவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் அவர் எங்கே போவார்? ஒரு வார்த்தை கேட்காமல் போய்விடுவார். குழந்தைக்கே தெரியாமல் போய்விடுவார். பிறகு ஒரு நாள் காலையில் ஷூ மாட்டும்போது அந்தச் சத்தம் வராது, அன்றைக்கு இந்த வீட்டில் அவன் எந்த முகத்தோடு நிற்பான்?

டொக், டொக். மேல் வீட்டில் ஆணி அடிக்கிறார்களோ. ஃபேன் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தான். சனிக்கிழமைதோறும் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துகிறார்கள், லேப்டாப் தன் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக். ஆணிச் சத்தம் இல்லை இது. ஆணி இவ்வளவு தயங்காது. ஒரு விரல் முட்டியை மடக்கி, கேட்கவும் வேண்டும், தொந்தரவாகவும் இருக்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு சத்தம். நித்திலா எங்கே? ஹால் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பிரஷ் கழுவ எழுந்து போனாள். எப்போது போனாள்? அவன் நாற்காலி பின்னால் விழுந்தது. அதை எடுக்காமல் ஓடினான்.

குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. "நித்திலா?"

தட்டுவது நின்றது.

"நித்திலா, உள்ளதான இருக்க? என்னம்மா ஆச்சு?"

"தாழ்ப்பாள் வரல," என்றது குரல். "கொண்டி கையோட வந்துடுச்சு. லைட்டும் போயிடுச்சு." அழுகையை விழுங்கி விழுங்கிப் பேசுகிற குரல். அந்தக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது, மேலே ஒரு சின்ன ஃபேன் ஓட்டை மட்டும்தான். பட்டப்பகலிலும் விளக்கில்லாவிட்டால் கன்னங்கரேல்.

"ஒண்ணும் இல்ல, நான் வந்துட்டேன். இதோ திறந்துடலாம். எவ்வளவு நேரமாத் தட்டிட்டு இருக்க?"

"ரொம்ப நேரமா."

அடுப்படிக்கு ஓடித் தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அதை நுழைத்தான். ரொம்ப நேரமா. அவன் வாழை, மாதுளை என்று விளையாடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்தப் பிள்ளை இருட்டில் நின்று விரலால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வாய்க்கு வந்துவிட்டது. "கூப்பிட வேண்டியதுதானேம்மா? ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே."

உள்ளே குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது என்று அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கரண்டி முனை உள்ளே எதன்மேலோ தட்டியது, தாழ்தான், கொஞ்சம் நகர்ந்தது, வழுக்கியது.

"எப்படிக் கூப்பிடறது?" என்றாள் நித்திலா.

அவன் கரண்டியை அசைக்காமல் நின்றான். கேலி இல்லை, கோபம் இல்லை. முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் கேட்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. இந்தக் கதவு இருக்கிறவரைக்கும்தான் இந்தக் கேள்வி இருக்கும் என்றும் தோன்றியது. கதவைத் திறக்க வேண்டும், திறக்கவும் மனசில்லை. என்ன புத்தி இது. மறுபடி கரண்டியை அழுத்தினான்.

"உனக்கு எது வருதோ அது," என்றான்.

"ஒண்ணும் வரலயே. நான் யோசிச்சேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அங்கிள்னா, தண்ணிக் கேன் அங்கிள் இருக்காங்க. வேன் அங்கிள் இருக்காங்க."

"ஆமா. அதுல நான் ஒரு ஆளாக் கலந்துடுவேன்."

"சித்தப்பா கரூர்ல இருக்காங்க."

"சரி."

"மாமான்னா சிரிப்பு வருது. அம்மா உங்கள மாமான்னு கூப்பிடற மாதிரி இருக்கும், சினிமால."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயும் ஒரு சின்னச் சிரிப்பு, அழுகையோடு கலந்து. தாழ் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அவன் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, துடைக்கக் கை இல்லை.

"குணா சார்னு கூப்பிடேன். கம்பெனில அப்படித்தான் கூப்பிடறாங்க."

"ஐயே. ஹோம்வொர்க் காட்டற மாதிரி இருக்கு." இருட்டில் அவள் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும், மூச்சுகூடக் கேட்டது. "அப்பான்னு..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "அப்பா இருக்காங்க."

இருக்காங்க. இருந்தாங்க இல்லை. குணாளன் நான்கு மாசமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு பாரத்தை யாரோ ஒரு கை பிடித்த மாதிரி இருந்தது. இவளும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்தில் வந்து நின்ற ஒவ்வொரு தடவையும், அந்தப் பால் பொங்கிய அன்றைக்கும். வெறுப்பு என்று அவன் ராத்திரிகளில் பயந்ததெல்லாம் வெறுப்பே இல்லை. ஒரு இடத்தைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டது. அவனைப் போலவேதான்.

"ஆமாம்மா," என்றான். "இருக்காங்க. அந்தப் பேரு அவங்களுக்குத்தான். அதுல யாரும் கைவைக்கக் கூடாது, நானும்தான்."

"கோவமில்லயே?"

"எதுக்குக் கோவம்? எனக்கும் அவங்கள ரொம்பப் பிடிக்கும். தினமும் பாதிச் சிரிப்பாச் சிரிச்சுட்டு என்னையே பாத்துட்டு இருக்காங்க."

"அது நான் எடுத்த போட்டோ," என்றாள் நித்திலா. "அம்மா போன்ல. எனக்கு அப்ப நாலு வயசு. சிரிங்கப்பான்னேன், பட்டன் எங்கன்னு தெரியல, ரொம்ப நேரம் தேடினேன். அப்பா சிரிச்சு சிரிச்சு, கடைசில பாதிச் சிரிப்பு ஆயிடுச்சு."

இது அவனுக்குத் தெரியாது. வாசுகிகூடச் சொன்னதில்லை. அவன் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இன்னும் சொல்லு என்று கேட்க நினைத்தான், அதற்குள் தாழ் ஒரு சறுக்கில் பின்வாங்கியது, கதவு அவன் எடைக்கு உள்பக்கமாகத் திறந்துகொண்டது. அவன் விழப்பார்த்து நிலையைப் பிடித்தான். எதிரே நித்திலா, கையில் நீலப் பெயின்ட் சொட்டுகிற பிரஷ், கன்னத்திலும் நீலம், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. வலது கை விரல் முட்டி சிவந்து வீங்கியிருந்தது. அவன் குனிந்து அந்தக் கையைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினான். இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தான். இழுக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் இரண்டு கையிலும் ஓடியது. கதவு திறந்தாகிவிட்டது, இனிமேல் பேச்சு வராது என்று அவனுக்குத் தெரியும். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் கரைந்து போய்க்கொண்டே இருந்தது.

மேசை மேலிருந்து அவன் போன் அடித்தது. வாசுகி, சாப்பாட்டு இடைவேளையில் எப்போதும் கூப்பிடுவாள். அவன் கை ஈரம். நித்திலா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தாள். அவன் விழுந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தினான். கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தான். இனி வரப்போகிறது, அவங்க தோசைக் கரண்டியால திறந்தாங்க என்று. வந்தால் வரட்டும். இத்தனை நாள் அந்தச் சொல்லைக் கேட்டு ஏன் குறுகினோம் என்றுகூட இப்போது அவனுக்குப் புரியவில்லை.

"அம்மா, பாத்ரூம் தாழ்ப்பாள் உடைஞ்சுடுச்சு. நான் உள்ள மாட்டிக்கிட்டேன். இல்லம்மா, அழல. கொஞ்சம்தான். கரண்ட்டும் இல்ல... வெளில வந்துட்டேன், அதான் பேசறேன்ல." அவள் ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டாள். "சாப்பிடல. நாங்க இனிமேதான் சாப்பிடணும். நாங்க மொதல்ல கடைக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிட்டு வந்துடறோம், நீ வர்றதுக்குள்ள மாட்டிடுவோம்."

போனில் வாசுகி எதையோ கேட்டாள். ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் மட்டும் சின்னதாக வந்தது. "யாரு நாங்க?"

"நாங்கதான்மா," என்றாள் நித்திலா, இது என்ன கேள்வி என்கிற சலிப்போடு. "வேற யாரு இருக்கா இங்க? நாங்க ரெண்டு பேரும்."

குணாளன் பர்ஸைத் தேடுகிற சாக்கில் படுக்கையறைக்குள் போனான். பர்ஸ் சட்டைப் பையிலேயே இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்து, மடித்துவைத்த துணிகளைப் பார்த்து நின்றான். நாங்க. அந்தச் சொல்லுக்குள் வாசுகிகூட இல்லை. போனின் அந்தப் பக்கம் இருக்கிறவளை வெளியே நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் இருக்கிற இரண்டு பேரை மட்டும் உள்ளே போட்டுச் சாத்திக்கொள்கிற சொல். யோசித்தா சொன்னாள்? இல்லை. யோசித்துத் தேடினதெல்லாம் வரவில்லை, இது தேடாமல் வந்துவிட்டது. அவன் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான், வியர்வையை, அதோடு சேர்ந்து வந்த மற்றதையும். ஹாலில் போன் மேசை மேல் வைக்கப்படுகிற சத்தம். செருப்பு மாட்டுகிற சத்தம். படியில் இறங்குகிற சத்தம், இரண்டிரண்டு படியாக. மெதுவாப் போம்மா என்று சொல்ல வாயெடுத்தான்.

"வாங்க!"

கீழேயிருந்து வந்தது குரல், மாடிப்படி முழுக்க மோதிக்கொண்டு. இந்த நான்கு மாசத்தில் அவள் அவனைப் பார்க்காமல், பக்கத்தில் வந்து நிற்காமல், அவனை நோக்கிப் போட்ட முதல் சத்தம். பேரும் இல்லை, முறையும் இல்லை. கீழ் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

"சீக்கிரம் வாங்க, கடைய மூடிடுவாங்க!"

"இதோ வந்துட்டேன்!" என்று அவனும் கத்தினான். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக அவன் பேசியதில்லை. செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு, கதவைப் படாரென்று சாத்திவிட்டு, படிகளில் இறங்கி ஓடினான்.